மாயாவியின் மறுவருகை: யாழ்ப்பாணத்துச் சித்திரக்கதை வாசிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2011ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே அமெரிக்காவின் டி.சி. பதிப்பகம் தனது அதிவீரர் சித்திரக்கதை இதழ்களை ஒருங்கே நிறுத்தி, 52 இதழ்களை ஒன்றாம் இலக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கியது. 1938இல் சுப்பர்மானை உலகிற்கு அறிமுகஞ் செய்த ‘அக்சன் கொமிக்ஸ்’ 904ஆம் இதழுடனும், பட்மானைத் தந்த ‘டிடெக்டிவ் கொமிக்ஸ்’ 881ஆம் இதழுடனும் தம் பழைய எண்வரிசையை முடித்துக்கொண்டன. எண்களோடு நாயகர்களின் வாழ்க்கையும் திருத்தியெழுதப்பட்டது. 1996இல் சுப்பர்மானுக்கும் லொயிஸ் லேனுக்கும் நடந்த திருமணம் நடவாததாயிற்று. பல்லாண்டு காலம் மாதந்தோறும் பணங்கொடுத்து வாங்கிவந்த வாசகன் முன்னே ஒரு வினா எழுந்தது: இவற்றுள் எதனைத் தொடர்ந்து வாசிப்பது, எதனைக் கைவிடுவது?

பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றின் பக்கங்களுக்கு இது ஒவ்வாத சிறுபிள்ளை வினாவெனச் சிலர் கருதக்கூடும். ஆயின் ஒரு சமூகத்தின் இளையோர் எதனை வாசித்தனர் என்பதும், எந்த அளவுகோலைக் கொண்டு ஒன்றை ஏற்று மற்றொன்றை விட்டனர் என்பதும் வரலாற்று மாணவன் புறக்கணிக்கத்தக்க செய்திகளல்ல. அதிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குத் தனியானதொரு கனம் உண்டு. இங்கே சித்திரக்கதை வாசிப்பு ஒருமுறையன்றிப் பலமுறை அறுந்து மீளத் தொடங்கியிருக்கிறது. அவ்வறுத்தல்களிற் பெரும்பாலானவற்றைச் செய்தவர் பதிப்பாளர் அல்லர். இறக்குமதிச் சட்டமும், மூடப்பட்ட பாதையும், இடப்பெயர்வுமே அவற்றைச் செய்தன. எதனைத் தொடர்வது என்ற முடிவு நம்மவரிடமிருந்து பறிக்கப்பட்டிருந்த காலம் நீண்டது. அது நம்மவரின் இரசனையில் விட்டுச்சென்ற தடத்தை இனங்காணாமல், 2012இல் தமிழ்ச் சித்திரக்கதை உலகில் நிகழ்ந்த மறுதொடக்கத்தை நம்மவர் எதிர்கொண்ட விதத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நமது நாயகர்களின் பூர்வீகத்தை நோக்குதல் வேண்டும். தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’ எனப் புகழ்பெற்ற லூயிஸ் கிராண்டல், 1962ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் இலண்டனிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் வார இதழின் முதலாவது இதழிலே பிறந்தவன். கென் பல்மர் எழுத, ஸ்பானியரான ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுகூட உதவியாளனாகிய கிராண்டல் விபத்தில் வலது கையை இழந்து உருக்குக் கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தவுடன் அவனுடைய உடல் மறைந்துவிடும். கை மட்டும் புலப்படும். ‘ஸ்பைடர்’ 1965இல் ‘லயன்’ என்னும் மற்றொரு ஆங்கில வார இதழில் தோன்றினான். இவனை அமெரிக்கச் சிலந்தி மனிதனோடு குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்; இருவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ரெட் கோவன் தொடங்கிவைத்த இக்கதையைப் பின்னர் தொடர்ந்து எழுதியவர், சுப்பர்மானைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல் என்பது பலர் அறியாத செய்தி.

இவ்விரு நாயகர்களும் கொடியவர்களாகவே தம் வாழ்வைத் தொடங்கினர். கிராண்டலின் முதற் கதையில் அவன் குற்றவாளி. சில காலத்தின் பின்னரே அரசின் இரகசியப் படையொன்றில் இணைந்து நல்லவனாகிறான். ஸ்பைடர் குற்றவுலகின் சக்கரவர்த்தியாக முடிசூடப் புறப்பட்டவன். பிறகு குற்றவாளிகளுக்கே எமனானான். 1966இல் பட்மான் தொலைக்காட்சித் தொடர் பெற்ற வெற்றியைக் கண்ட பதிப்பாளர், கிராண்டலுக்கும் ஒரு வேடவுடையை அணிவித்துப் பார்த்தனர், அது நீடிக்கவில்லை. வாசகரைத் தக்கவைக்க நாயகனின் வாழ்க்கையை மாற்றியமைக்கும் வழக்கம் 2011இல் அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமையல்ல என்பதற்கு இவை போதும்.

ஆங்கில வார இதழ்களின் இன்னொரு வழக்கம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. விற்பனை குறைந்த இதழை அவர்கள் மூடுவதில்லை; மற்றொன்றுடன் இணைத்துவிடுவர். ‘லயன்’ 1974இல் ‘வேலியண்ட்’டுடன் இணைந்தது, ‘வேலியண்ட்’ 1976இல் ‘பற்றில்’ என்னும் போர்க்கதை இதழுடன் இணைந்து மறைந்தது. இரு இதழ்களின் கதைகள் அனைத்துக்கும் ஒன்றில் இடமில்லையாதலால், சில தொடர்ந்தன, ஏனையவை நின்றன. எதனை வைத்திருப்பது என்பதை அறிய, வாசகர் தமக்குப் பிடித்த கதைகளை எழுதி அனுப்புவதற்கான சீட்டுகள் இதழ்களிலே அச்சிடப்பட்டன. இலண்டன் நகரத்துச் சிறுவனுக்குச் சிறிய அளவிலேனும் ஒரு வாக்குரிமை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தமிழுக்கு இவர்களைக் கொணர்ந்தது சிவகாசி. நாட்காட்டிகளும் தீப்பெட்டிச் சிட்டைகளும் அச்சிட்டுப் பழகிய அந்நகரத்திலே, மு. சௌந்தரபாண்டியன் 1972 சனவரியில் ‘முத்து காமிக்ஸ்’ இதழை நிறுவினார். அதன் முதலாவது நாயகன் இரும்புக்கை மாயாவியே. தொடக்க காலத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பை வகித்தவர் முல்லை தங்கராசன். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1984 யூலையில், சௌந்தரபாண்டியனின் புதல்வர் எஸ். விஜயன் தமது பதினேழாவது வயதிலே ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். மொடஸ்டி பிளெய்ஸ் என்னும் பெண் நாயகியுடன் ஆரம்பித்த அவ்விதழ், விரைவில் ஸ்பைடரையும், ‘சட்டித்தலையன்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட இயந்திர மனிதன் ஆர்ச்சியையும், இத்தாலியின் டெக்ஸ் வில்லரையும் தமிழ் பேச வைத்தது. அதே 1984 யூலையில் தினத்தந்திக் குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ்பொண்ட் கதையொன்றுடன் வெளிவந்தது. ராணி காமிக்ஸ் பின்னர் லீ போக்கின் முகமூடி வீரனுக்கும் ‘மாயாவி’ என்றே பெயர் சூட்டியது. எனவே ஒரே பெயரில் இரு நாயகர்கள் தமிழிலே உலவினர். “எந்த மாயாவி, கை மாயாவியா, முகமூடி மாயாவியா?” என்று கேட்டுத் தெளிந்த பின்னரே உரையாடலைத் தொடர வேண்டியிருந்ததென மூத்தோர் கூறுவர்.

சிவகாசிப் பதிப்பாளர் ஆங்கிலக் கதைகளை வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. அவற்றின் வடிவத்தையே மாற்றினர். இலண்டனில் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ பக்கங்களாக, மாதக்கணக்கில் நீண்ட தொடர், இங்கே ஒரே புத்தகத்தில் தொடங்கி முடிந்தது. 1967 முதல் பிளீட்வே நிறுவனம் மாயாவியையும் ஸ்பைடரையும் கொண்டு முழுநீளக் கதைப் புத்தகங்களை வெளியிட்டிருந்தமையும் இதற்குத் துணையாயிற்று. தமிழ் வாசகன் அறிந்த மாயாவி, ‘அடுத்த வாரம்’ என்ற சொல்லை அறியாத மாயாவி. கதைகளுக்கிடையே கால ஒழுங்கு கிடையாது. நூறாவது இதழை முதலிலும் பத்தாவது இதழைப் பின்னரும் வாசித்தாலும் எதுவும் கெட்டுவிடாது. இலண்டனில் குற்றவாளியாயிருந்து திருந்திய மனிதனின் கதை தமிழில் அநேகமாக அழிந்தே போயிற்று. என்றும் நல்லவனான, என்றும் ஒரே வயதினனான ஒரு மாயாவி மிஞ்சினான். இலக்கிய நோக்கில் இது இழப்பு. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, நாயகன் உயிர்பிழைத்ததற்கு இதுவே காரணமாயிற்று.

முத்து காமிக்ஸ் பிறந்த வேளை நமக்கு வாய்ப்பானதாக அமையவில்லை. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் நோக்கில் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் அதற்கு விலக்கல்ல. இக்கட்டுப்பாட்டை ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் நீண்டகாலமாகக் கோரிவந்தனர் என்பதையும், அதன் விளைவாக உள்ளூர்ப் பதிப்புத்துறை ஓரளவு தழைத்தது என்பதையும் நம் இலக்கிய வரலாறு பதிவு செய்துள்ளது. வீரகேசரிப் பிரசுரங்கள் 1970களிலே மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிட்டமை அதற்குச் சான்று. சித்திரத்தின் பக்கத்திலும் நாம் வெறுங்கையராய் இருக்கவில்லை. கார்ட்டூன் கலைஞர் சி. சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ இதழும், சவாரித்தம்பர் போன்ற அவரது பாத்திரங்களும் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கையே கோட்டோவியமாக்கின. எனினும் சுந்தரின் கலை நகைச்சுவையின் கலை. சிறுவர்க்கு வேண்டிய வீரசாகசச் சித்திரக்கதையை அது தரவில்லை, தர முயலவுமில்லை. அதே 1970களிலே சிங்களத்தில் சித்திரகதைப் பத்திரிகைகள் பெருகி, தமக்கெனக் கலைஞர்களையும் பெருந்தொகையான வாசகரையும் உருவாக்கிக்கொண்டன. தமிழில் அவ்வாறு நிகழாமைக்கு வாசகத் தொகையின் சிறுமையை மட்டுங் காரணமாகக் காட்டுவது எனக்கு உடன்பாடன்று. ‘குப்பை’ என்று விலக்கப்பட்ட ஒரு வடிவத்தைச் சீரிய கலைஞர் கையிலெடுக்கத் தயங்கினர் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின்னரே இந்தியச் சஞ்சிகைகள் தங்குதடையின்றி வரும் சூழ்நிலை உண்டாயிற்று. ஆயின் அந்தக் காலமும் நீளவில்லை. லயனும் ராணியும் பிறந்த 1984ஐ எண்ணிப் பாருங்கள். முந்திய ஆண்டின் யூலை வன்செயல் நாட்டைப் பிளந்திருந்தது. 1980களின் நடுப்பகுதியில் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற்சேவை நின்றது. சிவகாசிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடலிலே அளந்தால் அது மிகச் சிறிது. புத்தகமோ கொழும்பைச் சுற்றி வரவேண்டியதாயிற்று. வந்த பிரதிகள் சில. அவை வாங்கியவனிடத்தில் நின்றுவிடவில்லை. வகுப்பறை, சனசமூக நிலையம், சிகையலங்கார நிலையத்து வாங்கு எனக் கைமாறின. மூன்று நான்கு இதழ்களைச் சேர்த்து மட்டை கட்டி வைத்திருந்த வீடுகளும் உண்டு. ‘எதனைத் தொடர்ந்து வாசிப்பது’ என்ற வினா அன்று எவரும் கேட்ட வினாவன்று. கைக்கு எது வந்ததோ அது வாசிக்கப்பட்டது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாடு ஏறத்தாழ முற்றாகத் துண்டிக்கப்பட்டது. யாழ்தேவி நின்றது, மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு அது வந்து சேர 2014 ஒக்தோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரம் அற்றுப்போனது. எரிபொருள், மின்கலம் முதலாகப் பல பொருள்கள் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. கடதாசித் தட்டுப்பாட்டினால் ‘உதயன்’ நாளிதழ் பாடசாலைக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாளிலே அச்சிடப்பட்டு வெளிவந்ததை இன்றும் பலர் நினைவுகூர்வர். அத்தகைய ஊருக்குச் சிவகாசியின் புதிய இதழ் வருவது எங்ஙனம்? வீட்டில் எஞ்சியிருந்த பழைய இதழ்களே திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டன. போத்தலுக்குள் பஞ்சிட்டுச் சிறிது மண்ணெண்ணெயில் எரித்த விளக்கின் வெளிச்சத்திலே. மின்சாரம் பாய்ந்தாலொழிய மறைய முடியாத மாயாவியை, மின்சாரமே இல்லாத ஊரிற் சிறுவர் வாசித்தனர். இதைக் கூறிச் சிரிப்பவரை நான் கண்டிருக்கிறேன்; அவர் அன்று பத்து வயதினர்.

இவ்வைந்தாண்டுகளின் வாசிப்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இதழ் வருகை நின்ற ஓர் ஊரில் எந்த நாயகன் நிலைப்பான்? எவனுடைய கதை ஒரு புத்தகத்தில் முழுமையாக முடிகிறதோ, அவனே. மாயாவி, ஸ்பைடர், ஜேம்ஸ்பொண்ட், முகமூடி வீரன் ஆகியோர் அத்தகையோர். மாறாக, லயன் காமிக்ஸ் 1980களிலே வெளியிடத் தொடங்கிய ‘இரத்தப் படலம்’ பல பாகங்களில் நீண்டுசென்ற தொடர். பெல்ஜிய எழுத்தாளர் ஜீன் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984இல் தொடங்கிய ‘பதின்மூன்று’ என்னும் படைப்பின் தமிழ் வடிவம் அது. கடற்கரையில் ஒதுங்கிய ஒரு மனிதன் தன் நினைவை முற்றாக இழந்திருக்கிறான். கழுத்தெலும்பருகே பச்சை குத்தப்பட்ட ஓர் எண் மட்டுமே அவனுக்கு எஞ்சியிருக்கிறது. தான் யார் என்பதைத் தேடி அவன் அலைகிறான். ஓரிரு பாகங்களை வாசித்த யாழ்ப்பாணத்து வாசகனுக்கு அடுத்த பாகம் வரவில்லை. தன் பழைய வாழ்வு எதுவென அறியாத நாயகனும், அவனுடைய பின்வாழ்வு எதுவென அறியாத வாசகனும் ஆளுக்கொரு கரையில் நின்றனர். கதைத்தரத்தில் மாயாவியை விடப் பன்மடங்கு உயர்ந்த இப்படைப்பு நம்மவரின் கூட்டு நினைவில் மாயாவி அளவுக்கு வேரூன்றாமைக்கு, இரசனைக் குறைவு காரணமன்று. அஞ்சலும் பாதையுமே காரணம்.

1995 ஒக்தோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, தலைச்சுமையில் எவரும் சித்திரக்கதைப் புத்தகங்களை எடுத்துச் செல்லவில்லை. மீண்டுவந்தோரிற் பலர் வீட்டுக் கூரையையே காணாதிருக்கையில், புத்தகக் கட்டைத் தேடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது ஒரு புதிய தொடக்கம் நிகழ்ந்திருக்கலாம். ஆயின் அப்போது சிவகாசியிலேயே விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி இளையோரைக் கவர்ந்திருந்தது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் நினைத்தபோது வரும் இதழ்களாயின. 2006 ஓகத்தில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. இக்காலத்தைப் பற்றி மேலதிகமாக எழுத எதுவுமில்லை.

2012 சனவரியிலே விஜயன் லயன், முத்து ஆகிய இரு இதழ்களையும் மறுதொடக்கஞ் செய்தார். டி.சி. நிறுவனத்தின் மறுதொடக்கத்துக்கு நான்கு மாதங்களின் பின்னர் இது நிகழ்ந்தமை தற்செயலே. இரண்டுக்குமிடையே வேறுபாடு பெரிது. அமெரிக்கர் நாயகர்களை வைத்துக்கொண்டு எண்ணையும் கதையையும் மாற்றினர். சிவகாசி எண்வரிசையைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு தாளையும் நிறத்தையும் விலையையும் நாயகர்களையும் மாற்றியது. பத்து ரூபாய்க்குச் சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் வந்த இதழ், நூறு இந்திய ரூபாய்க்குப் பளபளப்பான தாளிலே முழுவண்ணத்தில் வந்தது. பெட்டிக்கடையில் தொங்கிய இதழ், ஆண்டுச் சந்தாவிலும் புத்தகக் கண்காட்சியிலும் இணையவழியிலுமே பெரிதும் கிடைப்பதாயிற்று. லார்கோ வின்ச், தோர்கல் போன்ற ஐரோப்பிய நாயகர் முன்வரிசைக்கு வந்தனர். பழைய ஆங்கில அதிவீரர் பின்தள்ளப்பட்டு, பின்னர் மூத்த வாசகரின் வற்புறுத்தலால் மறுபதிப்புகளாகத் திரும்பினர். ‘இரத்தப் படலம்’ மறுதொடக்கத்துக்கு முன்னரே, 2010இல், 18 பாகங்களையும் கொண்ட ஒரே பெருந்தொகுதியாக வெளிவந்திருந்தது. 2018இல் வண்ணத்திலும் வந்தது.

போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த யாழ்ப்பாணத்து வாசகன் முன்னே முதன்முறையாக அந்த வினா அதன் முழு உருவத்தில் எழுந்தது: எதனைத் தொடர்வது? இம்முறை தடுத்தது ஷெல்லும் சோதனைச்சாவடியும் அல்ல, பணப்பை. இந்திய விலையோடு அஞ்சற் செலவையும் நாணய மாற்றையும் சேர்த்தால் ஒரு மாதத்து இதழ்கள் அனைத்தையும் வாங்குவது மாணவனுக்கு இயலாத காரியம். தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். இவ்விடத்தில் நம்மவரிற் பலர் செய்த தெரிவு ஆராயத்தக்கது. அவர்கள் மாயாவி மறுபதிப்பைத் தேடினர்; ஸ்பைடரைத் தேடினர். முகநூலில் பழைய அட்டைப்படத்தைக் கண்டு நெகிழ்ந்தனர். இதனை வெறும் ஏக்கமெனத் தள்ளிவிடல் ஆகாது. வருகை எப்போதும் அறுந்துபோகலாம் என்ற அச்சத்தில் வளர்ந்த வாசகன், ஒரே புத்தகத்தில் முடியும் கதையை நம்புகிறான். ‘தொடரும்’ என்ற சொல்லை ஐயுறுகிறான். நமது இரசனை என்று நாம் கருதுவதன் ஒரு பகுதி, உண்மையில் முற்றுகைக்குள் வாழ்ந்தவனின் முன்னெச்சரிக்கையாகும்.

முன்னெச்சரிக்கை எனினும் அது நிரந்தர அளவுகோலாக இருத்தல் நன்றன்று. மாயாவியின் பழைய கதைகளை இன்று அமர்ந்து வாசித்தால், பிளாஸ்கோவின் ஓவியம் வியப்பூட்டுகிறது. நிழலையும் வெளிச்சத்தையும் அவர் கையாண்ட திறன் குன்றவில்லை. கதையோ ஓரிரு முறைக்கு மேல் தாங்குவதில்லை. விஞ்ஞானி, சதி, மின்கம்பி, விடுதலை என்று ஒரே தடத்தில் ஓடுகிறது. முகமூடி வீரனின் நிலை அதனினும் இடர்ப்பாடானது. கறுப்பின மக்கள் வாழும் காட்டிலே தலைமுறை தலைமுறையாக வெள்ளையன் ஒருவன் நீதி வழங்குகிறான். அக்குடிகள் அவனை வணங்கி நிற்கின்றனர். 1936இல் அமெரிக்க நாளிதழொன்றின் வாசகனுக்கு அது உறுத்தாதிருந்திருக்கலாம். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒரு நாட்டின் மாணவர் அதனைப் பத்து வயதில் வாசித்தது போலவே இருபது வயதிலும் வாசிப்பாராயின், கற்ற கல்வியின் பயன் யாது?

அமெரிக்க வாசகரின் அனுபவம் இங்கே நமக்கு உதவுகிறது. 52 இதழ்களில் ஆறு, 2012இலேயே எட்டாம் இதழுடன் நிறுத்தப்பட்டன. ஒன்றாம் இலக்கம் என்ற கவர்ச்சியும் நாயகனின் பெயரும் மட்டும் ஓர் இதழைக் காப்பாற்றவில்லை. மாறாக, ஸ்கொட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த ‘பட்மான்’ 2016 வரை நிலைத்து நின்றது. 2016இல் டி.சி. நிறுவனம் மற்றுமொரு மறுதொடக்கத்தைச் செய்தபோது ‘அக்சன் கொமிக்ஸ்’ 957ஆம் இலக்கத்துடன் வந்தது. 904உடன் இடைக்காலத்து 52 இதழ்களையும் கூட்டிப் பாருங்கள். அழித்ததாகக் கூறிய கணக்கை நிறுவனம் ஓசையின்றித் தொடர்ந்து எழுதி வைத்திருந்தது புலப்படும். சுப்பர்மானின் மணவாழ்வும் மீண்டது. எண்ணை நம்பித் தெரிந்தோரும் எண்ணை வெறுத்துக் கைவிட்டோரும் ஒருங்கே ஏமாந்தனர். ஆக்கியோனை நோக்கித் தெரிந்தவர்களுக்கு இழப்பு அதிகமில்லை.

தமிழ் வாசகருக்கு இவ்வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. பழைய இதழ்களிலே எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. பிளாஸ்கோ என்ற பெயரைக் கேளாமலே அவருடைய கோடுகளை நேசித்த தலைமுறை நமது. 2012க்குப் பின்னரே ஆக்கியோர் பெயர்கள் தமிழ் வாசகரிடையே பரவலாகப் பேசப்படலாயின. அதன் பயனாக ஒரு செய்தி தெளிவாயிற்று: ‘இரத்தப் படலம்’, ‘லார்கோ வின்ச்’, ‘தோர்கல்’ ஆகிய மூன்றும் ஒரே எழுத்தாளராகிய வான் ஹாமின் கைவண்ணம். ஒன்று சதிக்கதை, மற்றொன்று வணிகவுலகக் கதை, மூன்றாவது வடபுலக் கடலோடிகளின் புராணக் கதை. நாயகன் பெயரைக் கொண்டு தெரிவோர் இவற்றை ஒரு வரிசையில் வைத்து நோக்கவே மாட்டார். மூன்றிலும் தன் பிறப்பை அறியாது வளர்ந்த, அல்லது தன் பெயரையே இழந்த ஒருவன் வருகிறான் என்பதை ஆக்கியோனைப் பின்தொடர்வோரே காண்பர்.

ஆகவே குறைந்த பணத்தோடு தெரிவு செய்யும் மாணவன் என்ற முறையில் என் முடிவைக் கூறுவதானால்: வான் ஹாம் எழுதியவற்றைத் தொடர்வேன், அவை தொடர்களாக இருப்பினும், அல்லது தொடர்களாக இருப்பதனாலேயே. மாயாவியில் பிளாஸ்கோ வரைந்தவற்றுள் ஒன்றிரண்டை வைத்திருப்பேன். முகமூடி வீரனின் மறுபதிப்புகளை நூலகத்தில் கிடைத்தால் ஆய்வுக்காகப் புரட்டுவேன், வாங்க மாட்டேன். ஸ்பைடரைப் பற்றி எனக்கு இன்னும் முடிவில்லை. சீகல் போன்றதொரு கை, தான் படைத்த நல்லவனுக்கு முற்றிலும் எதிரான கொடியவனை முப்பது ஆண்டுகளின் பின்னர் எழுதிப் பார்த்தது எதனாலே என்பதை அறியும் ஆவல் விடவில்லை. 2021இல் இங்கிலாந்தின் றெபெல்லியன் பதிப்பகம் ஸ்பைடரையும் உருக்குக் கையையும் வெளிவந்த ஒழுங்கிலே நூலாக்கத் தொடங்கியுள்ளது. நாம் ஒருபோதும் வாசித்திராத, குற்றவாளியாகத் தொடங்கித் திருந்தும் கிராண்டல் அதில் இருக்கிறான்.

முத்து காமிக்ஸ் தன் ஐம்பதாவது ஆண்டை 2022 சனவரியில் கொண்டாடியது. அடுத்த இரு மாதங்களில் இலங்கை ரூபா சரிந்தது. மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்று விகிதம் அவ்வாண்டிலேயே 350ஐத் தாண்டியபோது, சந்தாவைப் புதுப்பிக்கும் எண்ணம் பலருக்கு நின்றுபோனது. மறுபடியும் ஓர் அறுத்தல். மறுபடியும் வீட்டிலுள்ள பழைய இதழ்.

அப்பழைய இதழ்கள் எங்கே உள்ளன என்பதும் கேட்கப்படவேண்டியதே. 1981இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் சாம்பலில் இவற்றை எவரும் தேடப்போவதில்லை. சித்திரக்கதை இதழ்களை நூலகங்கள் பேணும் வழக்கம் நம்மிடையே இருந்ததில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் ஈழத்து வெளியீடுகளைக் காப்பதில் அரும்பணி ஆற்றிவருகிறது. சிவகாசியில் அச்சாகி யாழ்ப்பாணத்தில் வாசிக்கப்பட்ட இதழ் இயல்பாகவே அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. தமிழகத்துச் சேகரிப்பாளரிடம் அவ்விதழ்களின் நல்ல பிரதிகள் உண்டு. ஆனால் உள்ளட்டையில் பாடசாலைப் பெயரும் வகுப்பும் எழுதப்பட்டு, பழைய கலண்டர்த் தாளால் மட்டை கட்டப்பட்டு, ஐந்து வீடுகளின் விளக்குப் புகை படிந்த பிரதி அங்கே இராது. அத்தகையது எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், பழைய கடதாசிக்காரனிடம் எடைக்குப் போடுமுன் நமது சங்கத்துக்கு ஒருமுறை காட்டும்படி வேண்டுகிறேன்.